அந்தமானுக்கு குடி வர்றீங்களா? வீடு, மீன், மழை, கப்பல், லீவு நாள் எல்லாத்துக்கும் ஒரு கைடு

டிரான்ஸ்ஃபர் ஆர்டர்ல போர்ட் பிளேர்னு பாத்ததும் பாதி பேருக்கு ஹனிமூன் போட்டோ ஞாபகம் வருது, மீதி பேருக்கு செல்லுலார் ஜெயில் ஞாபகம் வருது. ரெண்டையும் ஓரமா வச்சுட்டு வாங்க. இங்க வாழ்றதுக்கு தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இங்க எல்லாமே கப்பல் வந்தா நடக்கும், கப்பல் வரலனா நடக்காது. தக்காளி வெலைல இருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும், ஏன் உங்க ஞாயித்துக்கெழம பிளான் வரைக்கும் அதுதான். இத மண்டைல ஏத்திக்கிட்டா மத்ததெல்லாம் பழகிடும்.

2024 செப்டம்பர்ல ஊர் பேர ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. கவர்மெண்ட் பேப்பர்ல, போர்டுல எல்லாம் அப்படித்தான் இருக்கும், ஆட்டோக்காரர் கிட்ட சொல்றப்போ போர்ட் பிளேர்னே சொல்லலாம். இதே மாதிரி ஹேவ்லாக் இப்ப சுவராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப், இதெல்லாம் 2018 டிசம்பர்லயே மாறிடுச்சு. டிக்கெட்ல புதுப் பேர் இருக்கும், வாய்ல பழைய பேர் இருக்கும், குழம்பாதீங்க.

முதல்ல சாமான் விஷயம்

சென்னைல இருந்து ஃபிளைட்ல ரெண்டு மணி நேரம் சொச்சம். கப்பல்ல வந்தா கிட்டத்தட்ட மூணு நாள், பங்க் கிளாஸ்ல இருந்து கேபின் வரைக்கும் இருக்கு, ராஜாஜி சாலைல இருக்க அந்தமான் ஷிப்பிங் ஆபீஸ்ல விசாரிங்க. கப்பல் தேதி தள்ளிப்போறது இங்க சகஜம், அதனால ஜாயினிங் டேட்டுக்கு முந்தின நாள் வந்து சேர்ற மாதிரி கப்பல் டிக்கெட் போடாதீங்க. ஆள் ஃபிளைட்ல, சாமான் கப்பல்லன்னு பிரிச்சுக்கறதுதான் என் கணக்குல சரி.

எத ஏத்தறது எத விட்டுட்டு வர்றதுன்னு யோசிக்கறவங்களுக்கு, மர பீரோ, தேக்கு கட்டில்னு தூக்கிட்டு வராதீங்க, இங்கயே ஃபர்னிச்சர் கெடைக்குது, இல்லனா ஊருக்கு திரும்புற யாராவது வித்துட்டு போவாங்க, அது எப்பவும் நடந்துட்டே இருக்கும். மிக்சி, கிரைண்டர் கண்டிப்பா கொண்டு வாங்க. தோல் செருப்பு, தோல் பெல்ட், லெதர் பேக் எல்லாம் மழை மாசத்துல பச்சை பச்சையா பூஞ்சை பூத்துரும். கேமரா வச்சிருக்கவங்க காத்து போகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிக்கங்க. இரும்பு சாமான் எதுவானாலும் உப்புக் காத்துல துருப்பிடிக்கும், சைக்கிள் செயின்லாம் ஒரு மழைக்கே போயிடும்.

பைக்க கப்பல்ல ஏத்திக் கொண்டு வர்றவங்க ஆர்சி, இன்சூரன்ஸ், பழைய ஆர்டிஓ கிட்ட வாங்குன என்ஓசி எல்லாம் ஒரிஜினலா வச்சுக்கங்க. ஒரு வருஷத்துக்கு மேல இங்க ஓட்டறதுனா ஏஎன் நம்பருக்கு மாத்தணும். ஊர் முழுக்க மேடு பள்ளம், ஏத்தத்துல இழுக்காத வண்டிய கொண்டு வந்து கஷ்டப்படாதீங்க.

வீடு பாக்கறப்போ வாடகையக் கேக்கறதுக்கு முன்னாடி தண்ணியக் கேளுங்க

இத எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. சுத்தி கடல், வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் வாக்குல மழை, சென்னைல பெய்யறத விட ரெண்டு மடங்கு, ஆனாலும் பிப்ரவரி மார்ச் ஏப்ரல்ல ஊர்ல தண்ணிக்கு அலையணும். போர்ட் பிளேருக்கு முக்கியமான ஆதாரம் தானிக்காரி அணைதான், அது கொறைஞ்சா கொழாய்ல தண்ணி வர்ற நாளும் கொறையும், சில வருஷம் பல நாளைக்கு ஒரு தடவ வர்ற அளவுக்கு போயிடும். தீவுல மண்ணு சரிவு ஜாஸ்தி, பெய்யறது கடகடன்னு கடலுக்கு ஓடிடுது, தேக்கி வைக்க எடம் கம்மி.

அதனால வீட்டுக்காரர் கிட்ட இந்த வரிசைல கேளுங்க. கொழாய்த் தண்ணி எத்தன நாளைக்கு ஒரு தடவ, எத்தன மணிக்கு, எவ்ளோ நேரம். சின்டெக்ஸ் டேங்க் எத்தன லிட்டர், அது உங்களுக்கு மட்டுமா இல்ல மேல் வீட்டோட சேர்த்தா. கெணறு இருக்கா. கூரைத் தண்ணிய புடிக்க பைப் போட்டுருக்காங்களா. கோடைல லாரித் தண்ணி வாங்குனா அந்த செலவு யாரோடது. இவ்ளோ கேட்டப்புறம் வாடகைக்கு வாங்க. கேட்டா மூஞ்ச சுளிக்கற ஓனர் வீடு வேணாம், இது என் சொந்தக் கருத்து.

ஏரியானு பாத்தா, அபர்தீன் பஜார், கோல்கர், டெலானிபூர் பக்கம் எல்லாமே நடந்து போற தூரத்துல கெடைக்கும், ஆனா நெரிசல். டாலிகஞ்ச், காராச்சர்மா, பத்துபஸ்தி, ப்ரோத்ராபூர் பக்கம் போனா கொஞ்சம் எடமா காத்தோட்டமா இருக்கும், கண்டிப்பா வண்டி வேணும். பேம்பூஃபிளாட் பக்கம் வாடகை கம்மினு சொல்வாங்க, சாத்தாம்ல இருந்து படகுல தாண்டணும், தினமும் ஆபீஸ் போறவங்க யோசிச்சு எடுங்க.

கரண்ட் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்ல இருந்து வர்றது, கொஞ்சம் சோலார். கட் ஆகும். இன்வெர்ட்டர் வச்சுக்கங்க. இன்டர்நெட் பத்தி பழைய ஆளுங்க சொல்ற பயமுறுத்தல நம்பாதீங்க, 2020 ஆகஸ்ட்ல சென்னைல இருந்து கடலடி கேபிள் வந்ததுக்கப்புறம் வீடியோ கால் எல்லாம் நல்லாவே போகுது, அதுக்கு முன்னாடி சாட்டிலைட்ட நம்பி இருந்த காலத்துல வாட்ஸப்ல ஒரு போட்டோ போறதே பெரிய விஷயம். டவுன விட்டு வெளிய போனா பிஎஸ்என்எல் தான் கை குடுக்கும், ஒரு சிம் வாங்கி வச்சுக்கங்க.

இன்னொரு சின்ன விஷயம், பூரான். நம்ம ஊர் பூரான் இல்ல, ஒரு சாண் நீளத்துக்கு செவப்பா, காலெல்லாம் மஞ்சளா வரும், ஈரமான பாத்ரூம் ஓரம், செங்கல் அடுக்கு, மழைல நனைஞ்ச ஷூ இதெல்லாம் அதுக்கு புடிச்ச எடம். கடிச்சா உயிருக்கு ஒண்ணும் இல்ல பெரும்பாலும், ஆனா வலி தாங்க முடியாது. ஷூ போடறதுக்கு முன்னாடி கவுத்து ரெண்டு தட்டு தட்டறத பழக்கமாக்கிக்கங்க, குழந்தைங்களுக்கும் சொல்லிக் குடுங்க. தோட்டத்துல பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும், அது உங்க கீரைய தின்னுரும்.

சாப்பாடு

பயப்பட வேணாம், இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய் எல்லாமே கெடைக்குது, தமிழ் ஆளுங்க நெறைய பேர் தலைமுறையா இங்க இருக்காங்க, கடையும் வச்சிருக்காங்க. வெங்காயம், உருளை, தக்காளி, கேரட் எல்லாம் மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வர்றது, அதனால கப்பல் லேட்டானா வெல ஏறும், வந்த மறுநாள் எறங்கும். மார்க்கெட்ல ரெண்டு தடவ போனா எந்த நாள் சரக்கு புதுசுன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும். வெங்காயமும் உருளையும் எப்பவும் ரெண்டு வாரத்துக்கு வீட்ல இருக்கணும், மழை காலத்துல அதுக்கும் மேல.

லோக்கல் காய்க்கு மாறுங்கன்னுதான் நான் சொல்வேன். ரோட்டோரம் சாக்கு விரிச்சு விப்பாங்க, கீரை, வெண்டக்கா, பாகக்கா, புடலங்கா, வாழப்பூ, முருங்கைக்கீரை, பலாக்கொட்டை, தேங்கா. தேங்காய்க்கு பஞ்சமே இல்ல. கொத்தமல்லி மட்டும் மழைல சீக்கிரம் அழுகிடும், வெலையும் ஜாஸ்தி, அதுக்கு பதிலா பர்மா தனியான்னு ஒரு எலை, நீளமா ஓரத்துல முள்ளு முள்ளா இருக்கும், வாசனை கொத்தமல்லிய விட தூக்கலா இருக்கும். ரசத்துக்கு ரெண்டு எலை போதும், நாலு போட்டீங்கன்னா ரசம் முழுக்க அதுதான். வேரோட வாங்கி தொட்டில நட்டு வச்சா நிழல்லயே வளரும், பால்கனி இருந்தா போதும்.

மீனுக்கு ஜங்கிலிகாட் போங்க, காலைலயே. வஞ்சரத்த இங்க சுர்மைம்பாங்க, சூரை மலிவு, பாறை, சங்கரா, எறா, நண்டு எல்லாம் வரும். படகுக்காரங்கள்ல தெலுங்கு ஆளுங்க ஜாஸ்தி, வெட்டிக் குடுக்கற எடத்துல ஹிந்தி, தெலுங்கு, பெங்காலி, தமிழ் எல்லாம் கலந்து ஓடும். செவுளத் தூக்கிப் பாருங்க, ரத்த செவப்பா இருக்கணும், பழுப்பா இருந்தா நகருங்க. வயித்துப் பக்கம் வெரலால அமுக்கினா குழி விழாம மேல வரணும். "பையா, ஆஜ் கா ஹை?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க, அதனால கேள்விய விட்டுட்டு செவுளப் பாருங்க. சூரை வாங்குனா நேரா வீட்டுக்கு போய் ஃபிரிட்ஜ்ல வைங்க, ஐஸ் இல்லாம வெயில்ல நேரம் போச்சுன்னா சாப்பிட்டவங்களுக்கு மூஞ்சி செவந்து அரிப்பு எடுக்கும், கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது.

வெளில சாப்பிடறதுனா அபர்தீன் பஜார் பக்கம் தோசை, பொங்கல், ஃபுல் மீல்ஸ் எல்லாம் கெடைக்கும், பெங்காலி கடைல மீன் சாப்பாடு நல்லா இருக்கும், கடுகு அரைச்சு விட்ட கொழம்பு மொத நாள் மூக்குல ஏறும் மறுநாள் நீங்களே தேடிப் போவீங்க. கார்பின்ஸ் கோவ் பீச்சுக்கு போறப்போ செவ்விளநீர் வாங்கிக் குடிங்க, தண்ணி குடிச்சுட்டு வழுக்கைய வெட்டித் தர சொல்லுங்க.

ஆன்லைன்ல ஆர்டர் போடற பழக்கம் இருந்தா கொஞ்சம் கொறைச்சுக்கங்க. 744101 பின்கோட போட்டதும் பாதி கடைக்காரங்க டெலிவரி இல்லம்பாங்க, மீதி பேர் அனுப்பறதும் நாளாகும். மருந்து மாதிரி அவசரமானத ஊர்ல இருந்து ஸ்பீட் போஸ்ட்ல வரவழைங்க.

சூரியன் முந்திக்கும்

நம்ம ஊரும் இந்த ஊரும் ஒரே ஐஎஸ்டி, ஆனா தீவு ரொம்ப கெழக்க இருக்கறதால ஜூன்ல காலை 5 மணிக்கே வெளிச்சம், டிசம்பர்ல சாயந்தரம் 5 மணி வாக்குல பொழுது சாஞ்சுரும். ஆபீஸ் விட்டு வந்து பீச்சுக்கு போலாம்ங்கற கணக்கு இங்க செல்லாது. காலைல போங்க. அஞ்சரைக்கு கார்பின்ஸ் கோவ்ல நடக்கறவங்க கூட்டமே இருக்கும், ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து குளிச்சு டிபன் சாப்பிட்டு ஆபீஸ் போலாம். குழந்தைங்க ஸ்கூல் விட்டு வந்தா வெளயாட்டுக்கு கொஞ்ச நேரம்தான் கெடைக்கும், அதுக்குள்ள வெளில விட்டுருங்க, ஹோம்வொர்க் இருட்டுனப்புறம் பாத்துக்கலாம்.

மழை மே மாசம் மூணாவது வாரம் வாக்குல ஆரம்பிக்கும், இந்தியாவுலயே பருவமழை மொதல்ல எட்டிப் பாக்கற எடம் இதுதான். தென்மேற்கு முடிஞ்சதும் வடகிழக்கு, டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டு போகும். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் கடல் தெளிவா அமைதியா இருக்கும், ஊர்ல இருந்து அப்பா அம்மாவ, சொந்தக்காரங்கள கூப்பிடறதுனா அப்ப கூப்பிடுங்க. தண்ணிக் கஷ்டமும் அதே சமயத்துலதான், எட்டு பேர் ஒண்ணா வந்தா டேங்க் என்ன ஆகும்னு யோசிச்சு கூப்பிடுங்க.

கடல்ல எறங்கறதுக்கு முன்னாடி

இங்க முதலை இருக்கு. உப்புத்தண்ணி முதலை, சும்மா பயமுறுத்த சொல்லல, 2010ல ஹேவ்லாக்ல ஒரு டூரிஸ்ட் உயிரே போயிருக்கு. சதுப்புக் காடும் ஓடையும் கடல்ல வந்து சேர்ற எடம்தான் ஆபத்து. போர்டு வச்சிருந்தா எறங்காதீங்க, போர்டு இல்லாத எடத்துல உள்ளூர் ஆள கேக்காம எறங்காதீங்க. வண்டூர் மாதிரி எடத்துல வலை கட்டி ஒதுக்கி விட்டுருக்க எடத்துல மட்டும் குளிங்க. இருட்டுனப்புறம் தண்ணிப் பக்கமே வேணாம்.

மணல்ல சின்னதா ஒரு ஈ இருக்கும், கடிக்கறப்போ தெரியாது, ராத்திரி சொறிய ஆரம்பிச்சா ஒரு வாரம் ஓடும். பீச்சுல படுக்காதீங்க, தேங்கா எண்ணெய் தடவிட்டு போங்க, கொஞ்சம் கொறையும்.

கடல் தண்ணி எறங்கற வத்தம், ஏறுற ஏத்தம், இத பாத்து போறது ரொம்ப முக்கியம். நீல் தீவுல அந்த இயற்கைப் பாறை வளைவு இருக்கே, அதுகிட்ட வத்தத்துலதான் நடந்து போக முடியும். தப்பான நேரத்துல போனா ரோட்டு முனைல நின்னு தண்ணியப் பாத்துட்டு வரவேண்டியதுதான். வத்தத்துல போனீங்கன்னா பாறைக் குழி ஒவ்வொண்ணுலயும் கடல் வெள்ளரி, நண்டு, நீல மீன் குஞ்சுன்னு மணிக்கணக்குல குனிஞ்சு பாக்கலாம். கெட்டியான செருப்பு போட்டுக்கங்க, வெறும் கால்ல பவளப்பாறை கீறுனா சீக்கிரம் ஆறாது. பவளத்து மேல மிதிக்கவும் கூடாது.

பக்கத்துல சுத்தறது, தூரமா சுத்தறது

முதல் மாசம் ஹேவ்லாக்குக்கு ஓடாதீங்க, அது எங்கயும் போகாது. பக்கத்துல ஆரம்பிங்க. ஒரு நாள் சிடியா டாப்பு, டவுன்ல இருந்து 25 கிலோமீட்டர் வாக்குல, பஸ் போகுது, வழியெல்லாம் காடு, சூரியன் மறையறத பாத்துட்டு உடனே கெளம்பிருங்க, ரோடு இருட்டு. ஒரு நாள் சாத்தாம் மர ஆலை, 1883ல ஆரம்பிச்சது, படாக் மரத்த அறுக்கற வாசனையே தனி. இன்னொரு நாள் ராஸ் தீவு, அபர்தீன் ஜெட்டில ஏறுனா கொஞ்ச நேரத்துல எறக்கி விட்டுருவாங்க, வெள்ளைக்காரன் கட்டுன கட்டடத்து மேல ஆலமர வேர் ஏறி நிக்கும், மான் கிட்டயே வரும், பிஸ்கட் குடுக்காதீங்க. பழைய செவப்பு 20 ரூபா நோட்டு வீட்ல எங்கயாவது இருந்தா எடுத்துட்டு மவுண்ட் ஹேரியட் போங்க, 2021ல மவுண்ட் மணிப்பூர்னு பேர் மாத்திட்டாங்க, நோட்டுல இருக்கற லைட்ஹவுஸ் காட்சிய அங்க இருந்து அப்படியே பாக்கலாம்.

ஹேவ்லாக், நீல் போக கவர்மெண்ட் ஃபெர்ரி ஃபீனிக்ஸ் பேல இருந்து கெளம்பும், நேரம் ஜாஸ்தி, டிக்கெட் மலிவு. தனியார் ஃபெர்ரி ஒண்ணரை மணி நேரத்துல ஹேவ்லாக் சேத்துரும், செலவு ஜாஸ்தி. ஐலண்டர் கார்டு, அதாவது தீவுவாசிங்கறதுக்கான அடையாள அட்டை இருக்கவங்களுக்கு கவர்மெண்ட் படகுல கட்டணம் இன்னும் கம்மி, புதுசா வந்தவங்களுக்கு அது உடனே கெடைக்காது, ஆபீஸ்ல என்ன சலுகை இருக்குன்னு விசாரிங்க. லாங் வீக்கெண்டுக்கு டிக்கெட் சீக்கிரம் தீந்துரும். ஒரு விதி மட்டும் வச்சுக்கங்க, ஃபிளைட் புடிக்க வேண்டிய நாளுக்கு மொத நாளே போர்ட் பிளேர் திரும்பிரணும், காத்து கெளம்புனா ஃபெர்ரி கேன்சல், யார்கிட்டயும் சண்டை போட முடியாது.

வண்டூர்ல இருந்து ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுக்கு படகு போகும், சீசன் பாத்து ரெண்டுல ஒண்ணத்தான் திறந்து வைப்பாங்க. 1983ல அறிவிச்ச கடல் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கற தீவு, பிளாஸ்டிக் எதையும் விட மாட்டாங்க, பையப் பிரிச்சுப் பாப்பாங்க. சாப்பாட்ட எவர்சில்வர் டிபன்பாக்ஸ்ல கட்டிட்டு போயிருங்க, பிரச்சினையே இல்ல.

பாராடாங் தீவுக்கு போறது தனி வேலை. விடியக்காலைல மூணு நாலு மணிக்கே கெளம்பி ஜிர்காடாங் செக்போஸ்ட்ல வரிசைல நிக்கணும், அங்க இருந்து கான்வாயா, அதாவது வண்டிங்கள மொத்தமா சேத்துத்தான் விடுவாங்க, ஏன்னா ரோடு ஜாரவா பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள போகுது. வண்டிய நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, அவங்க எதிர்ல வந்தா கண்ணாடிய எறக்கி ஏதாவது நீட்டக் கூடாது. கேஸ் போட்டு ஜெயில் வரைக்கும் போற விஷயம் இது, அத விட முக்கியம் அது அவங்க வீடு, அவங்க வேடிக்கைப் பொருள் இல்ல. வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க கிட்ட முந்தின நாள் ராத்திரியே சொல்லி வைங்க, போன உள்ள வைக்க சொல்லுங்க. தாண்டிப் போனா மிடில் ஸ்ட்ரெயிட்ல வண்டியோட படகுல ஏறணும், அப்புறம் சின்ன படகுல சதுப்புக் காட்டுக்குள்ள புகுந்து சுண்ணாம்புக் குகை, அந்தப் படகுப் பயணம்தான் அழகு, குகை ரெண்டாவதுதான்.

நிக்கோபார் பக்கம் சும்மா போயிட்டு வர முடியாது, பாஸ் வேணும்.

காய்ச்சல் வந்தா

மழை மாசத்துல காய்ச்சல்னா ரெண்டு நாள் பாராசிட்டமால்ல ஓட்டாதீங்க. டெங்கு, மலேரியா தவிர லெப்டோஸ்பைரோசிஸ்னு ஒண்ணு, எலி மூத்திரம் கலந்த சேத்துத் தண்ணில இருந்து வர்றது, இந்தத் தீவுல ரொம்ப காலமா இருக்கு. சேத்துல வெறும் கால்ல நடக்காதீங்க, கால்ல புண்ணு இருந்தா கண்டிப்பா நடக்காதீங்க, டாக்டர் கிட்ட போனா சேத்துல நடந்தேன்னு நீங்களே சொல்லிருங்க. பெரிய ஆஸ்பத்திரினா ஜி.பி. பந்த் தான், ரொம்ப சீரியஸ்னா சென்னைக்கு அனுப்புவாங்க, அதனால மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம இங்க வராதீங்க, ஃபிளைட் செலவுக்கு கொஞ்சம் பணமும் தனியா கெடக்கட்டும்.

நிலநடுக்கம் அப்பப்ப லேசா வரும், ஃபேன் ஆடும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி டீ குடிச்சுட்டே இருப்பாங்க. ஆனா நிக்க முடியாத அளவுக்கு ஆடுச்சுன்னாலோ, ரொம்ப நேரம் ஆடுச்சுன்னாலோ, சுனாமி சைரனுக்கு காத்திருக்காம மேட்டுக்கு போயிருங்க. 2004 டிசம்பர் 26ல சிப்பிகாட் பக்கம் நிலமே தாழ்ந்து வயல்ல கடல் நின்னது, இன்னைக்கும் அந்த வழியா போனா பாக்கலாம். குடி வந்த வாரத்துலயே வீட்ல இருந்து பக்கத்து மேடு எதுன்னு நடந்து பாத்து வைங்க, குழந்தைங்க ஸ்கூல்ல இருந்தும் பாத்து வைங்க.

ஆளுங்க

ஹிந்தி பேசத் தெரியலன்னு தயங்காதீங்க, இங்க பேசறது எல்லாரோட ஹிந்தியும் கலந்த ஒண்ணு, இலக்கணம் யாரும் பாக்க மாட்டாங்க. பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சி பக்கத்துல இருந்து வந்த ஆதிவாசிங்கன்னு எல்லாரும் ஒரே தெருவுல இருப்பாங்க, மாயாபந்தர் பக்கம் போனா பர்மால இருந்து வந்த கரேன் மக்களும் இருக்காங்க. தமிழ்ச் சங்கம் இருக்கு, வெற்றிமலை முருகன் கோயில்ல பங்குனி உத்திரம்னா காவடியோட ஊரே தெரள்ற மாதிரி இருக்கும், புதுசா வந்தவங்களுக்கு ஆள் பழக்கம் ஆக அதவிட நல்ல நாள் இல்ல, வீடு தேடறவங்களும் அங்கயே சொல்லி வைங்க. துர்கா பூஜைக்கு பெங்காலி வீட்ல கூப்பிட்டா போய் சாப்பிட்டு வாங்க.

ஊருக்கு போறப்போ

பொங்கல், கோடை லீவுக்கு ஃபிளைட் டிக்கெட் வெல தாறுமாறா ஏறும், தேதி தெரிஞ்ச அன்னைக்கே போட்டுருங்க. பீச்சுல பொறுக்குன சிப்பி, பவளத் துண்டு எதையும் பைல வைக்காதீங்க, வனவிலங்குச் சட்டத்துல வர்ற விஷயம், ஏர்போர்ட் ஸ்கேன்ல தெரிஞ்சுரும், குழந்தைங்க பாக்கெட்டயும் ஒரு தடவ தடவிப் பாத்துருங்க. சிப்பில செஞ்ச பொருளோ மர சாமானோ வேணும்னா சாகரிகான்னு கவர்மெண்ட் கடை இருக்கு, அங்க வாங்குங்க. பில்ல தூக்கிப் போட்டுடாதீங்க, பைக்கு மேலாப்புலயே வைங்க, கேட்டா உடனே காட்டணும்.